மாசிமகப் பந்தலைப் பிரித்தாயிற்று. நடந்ததை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் மாசிமகத்தன்று எங்கள் இளைஞர் மன்றம் சாம்பார் சாத அன்னதானமும் நீர்மோர்ப் பந்தலும் நடத்தியது. 1,500 தட்டுக்கு 42,000 ரூபாய் என்று திட்டம். 5 சிப்பம் (25 கிலோ மூட்டை) அரிசி போட்டோம். பத்தரை மணிக்கெல்லாம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. சாதமும் பற்றாமல் பதினொரு மணிக்கு ஹோட்டலில் 200 பார்சல், ஒன்று 50 ரூபாய்க்கு வாங்கினோம். அப்படியும் கடைசியில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். சாப்பாட்டுச் செலவு 57,350. ஊரில் எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்து நான்கு நாள் ஆகிறது. அன்று எதையும் எழுதி வைக்கவில்லை. இனி மதிப்பீடு செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும். ஆனால் இந்த வாரமே செய்யுங்கள். பத்து நாள் தாண்டினால் பத்து பேரும் ஒரே கதையைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை, டீக்கடையில் பேசிப் பேசி ஒருவர் நினைவு இன்னொருவர் நினைவாகிவிடும்.

பலரும் "எத்தனை பேர் வந்தார்கள்" என்பதில்தான் தொடங்குவார்கள். நீங்கள் "எத்தனை மணிக்கு" என்பதில் தொடங்குங்கள். பொது நிகழ்ச்சியில் தவறுவதெல்லாம் பெரும்பாலும் நேரத்தில்தான் தவறுகிறது. 1,850 தட்டு போனது என்று தெரிந்தால் பெருமைப்படலாம், அவ்வளவுதான். ஒன்பதேகாலுக்கும் பத்தரைக்கும் நடுவில் எத்தனை தட்டு போனது என்று தெரிந்தால்தான் அடுத்த ஆண்டு இரண்டாவது அண்டாவை எப்போது அடுப்பில் ஏற்றுவது என்று சொல்ல முடியும்.

ஒரு சார்ட் பேப்பரை எடுத்து, விடிகாலை 4 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை அரை மணிக்கு ஒரு வரியாக 22 வரி போடுங்கள். பக்கவாட்டில் ஐந்து கட்டம்: சாப்பாடு, தண்ணீர், வரிசை, நம் ஆட்கள், சம்பவம். இதை நினைவிலிருந்து நிரப்பக் கூடாது. உங்களிடம் குறிப்பு இல்லை என்கிறீர்கள். ஆனால் எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. மன்றத்து வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து எடுங்கள். "தண்ணி இல்ல, சீக்கிரம் அனுப்புங்க" என்று யாரோ கத்திய செய்தியில் நிமிடம் வரை பதிவாகியிருக்கும். பொறுப்பாளர்களின் போன் அழைப்புப் பட்டியலை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். புது அழைப்புகள் வர வர பழையது அழிந்துவிடும். ஜிபே, போன்பே கட்டணங்களிலும் நேரம் இருக்கும். ஹோட்டலுக்குப் பணம் போன நிமிடம்தான் உங்கள் சாதம் தீரப்போகிறது என்று நீங்கள் உணர்ந்த நிமிடம்.

புகைப்படங்கள்தான் பெரிய சொத்து, ஆனால் ஒரு சிக்கல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படத்தில் எடுத்த நேரம் போன்ற உள்விவரங்கள் நீங்கிவிடும். வந்து சேர்ந்த நேரத்தைத்தான் போன் காட்டும். ஆகவே படம் எடுத்தவரிடமே போய் அசல் கோப்பை வாங்குங்கள், அல்லது டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். செல்பியை ஒதுக்காதீர்கள். முகத்துக்குப் பின்னால் வரிசையின் நீளம் தெரியும், தரையில் அடுக்கிய கேன்கள் தெரியும், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதும் தெரியும். வரிசையை எண்ண முடியாவிட்டால் மீட்டருக்கு இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம்; சாமியானாவின் கால்களுக்கு இடையிலான தூரம்தான் உங்கள் அளவுகோல்.

நிழலைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கரை கிழக்கு பார்த்தது. கடலைப் பார்த்து வாசல் வைத்த பந்தலில் ஒன்பது, ஒன்பதரை வரை வெயில் சாமியானாவுக்குக் கீழேயே நுழைந்து வரிசையில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். பந்தல் போட்டிருந்தும் ஆட்கள் வெயிலில்தான் நின்றிருப்பார்கள். எட்டரை மணிப் படம் ஒன்று கிடைத்தால் போதும், பக்கத்துணி கட்ட வேண்டிய பக்கம் எது என்று தெரிந்துவிடும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுந்தால் மணல் பறக்கும். அந்நேரம் அண்டா திறந்திருந்ததா என்பதையும் படத்தில் பாருங்கள்.

அடுத்து, அளவுகள். ஒரே எண்ணை இரண்டு வழியில் எடுத்து ஒப்பிட வேண்டும். பாக்குமட்டைத் தட்டு எத்தனை கட்டு வாங்கினீர்கள், எத்தனை மீதி, எத்தனை உடைசல் என்று கழித்தால் போன தட்டு தெரியும். இது ஆட்களின் எண்ணிக்கை அல்ல. இரண்டு முறை வந்தவரும் உண்டு, சூடு தாங்க இரண்டு தட்டைச் சேர்த்துப் பிடித்தவரும் உண்டு. இன்னொரு பக்கம் அரிசிக் கணக்கு. 5 சிப்பம் என்றால் 125 கிலோ. உங்கள் 1,500 தட்டுத் திட்டப்படி கிலோவுக்கு 12 தட்டு. போன தட்டு 1,850 என்று வைத்துக்கொள்வோம். அதில் 200 ஹோட்டல் பார்சல். மீதி 1,650 தட்டு அதே 125 கிலோவில் போயிருக்கிறது, அதாவது கிலோவுக்கு 13.2. பத்தில் ஒரு பங்கு கை சுருங்கியிருக்கிறது. எல்லாருக்கும் சமமாகச் சுருங்கியிருக்காது. எட்டு மணிக்கு வந்தவருக்கு முழுக் கரண்டி, பத்தரைக்கு வந்தவருக்குக் கால் கரண்டி என்றுதான் நடந்திருக்கும். பரிமாறியவரிடம் "எப்போது கரண்டியைக் குறைத்தீர்கள்" என்று கேளுங்கள். குறைத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்.

இப்போது பணம். கூடுதல் செலவு 15,350. "விலைவாசி ஏறிவிட்டது" என்று இதை மூடிவிடுவது வழக்கம். பிரித்துப் பாருங்கள். திட்டமிட்ட விலை தட்டுக்கு 28 ரூபாய். கூடுதலாகப் போன 350 தட்டை 28-ஆல் பெருக்கினால் 9,800. இது கூட்டம் கூடியதால் வந்த செலவு, இதில் யார் மேலும் குற்றமில்லை. மீதி 5,550. அதில் 200 பார்சலுக்கு ஒவ்வொன்றுக்கும் 22 ரூபாய் அதிகம் கொடுத்தது 4,400. எஞ்சிய 1,150 மட்டும்தான் காய்கறி, எண்ணெய், சிலிண்டர் விலை ஏற்றம். ஆக, விலைவாசி செய்தது 1,150. தாமதமான முடிவு செய்தது 4,400. பெரிய அண்டாவில் ஒரு சிப்பம் சாம்பார் சாதம் இறக்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஒன்பது மணிக்கு ஒருவர் "இன்னொரு சிப்பம் போடு" என்று சொல்லியிருந்தால் அந்த 4,400 மிச்சம். சொல்ல அதிகாரம் யாருக்கு இருந்தது, அவர் அப்போது எங்கே இருந்தார் என்பதைச் சார்ட்டில் 'நம் ஆட்கள்' கட்டம் காட்டும். சாமி கரைக்கு வந்த நேரம் என்றால் எல்லாரும் சாமி பின்னால்தான் போயிருப்பார்கள், அது இயல்பு. அதனால்தான் முடிவெடுக்கும் ஒருவரைப் பந்தலிலேயே கட்டிப்போட வேண்டும்.

வரவிலும் இதே கவனம் தேவை. ரசீது புத்தக அடிக்கட்டை, உண்டியல், ஜிபே மூன்றையும் தனித்தனியே கூட்டுங்கள். பொருளாக வந்த அரிசி, பருப்பு, இலவசமாகக் கிடைத்த டிராக்டர் ஆகியவற்றுக்குச் சந்தை விலை போட்டு வரவிலும் செலவிலும் எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்த உபயதாரர் அடுத்த ஆண்டு கொடுக்காதபோது பட்ஜெட்டில் ஓட்டை விழும். சாமியானா, மைக் செட் பாக்கி இருந்தால் அதுவும் செலவுதான்.

தண்ணீர் தீர்ந்ததுதான் உங்கள் கேள்வியில் முக்கியமானது என்று நினைக்கிறேன். கணக்கிலேயே பிழை இருந்திருக்க வாய்ப்பு அதிகம். 20 லிட்டர் கேனில் 200 மில்லி தம்ளர் 100 வரும். சிந்துவதைக் கழித்தால் 80, 85 என்று வையுங்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கப்பும், பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப்பும், தண்ணீர்ப் பாக்கெட்டும் தடை. ஆகவே எவர்சில்வர் தம்ளர் வைத்திருப்பீர்கள். 2,000 முறை குடித்தால் 400 லிட்டர். தம்ளரைக் குழாயடியில் அலச ஒவ்வொரு முறையும் 300 மில்லி, அது 600 லிட்டர். சாப்பிட்டுக் கை கழுவ ஆளுக்குக் கால் லிட்டர், அது கிட்டத்தட்ட 460. மொத்தம் 1,460 லிட்டர். அதில் குடிக்கப் போனது மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குடிப்பதற்கு மட்டும் கணக்குப் போட்டு 25 கேன் இறக்கிவிட்டு, "இவ்வளவு கூட்டம் எதிர்பார்க்கவில்லை" என்பது பல பந்தல்களில் கேட்கிற வசனம். கூட்டத்தைக் குறை சொல்லும் முன் குழாயடியைப் பாருங்கள். கை கழுவும் தண்ணீரும் குடிக்கும் தண்ணீரும் ஒரே டிரம்மில் இருந்ததா? தொட்டியில் முக்கி அலசினார்களா, ஓடும் குழாயில் அலசினார்களா?

கணக்கு சரியாக இருந்தும் வண்டி வரவில்லை என்றால் காரணத்தைத் துரத்த வேண்டும். ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். ஏன் தண்ணீர் வரவில்லை? டிராக்டர் டேங்கர் பேரிகேடில் நின்றுவிட்டது. ஏன் நின்றது? டிரைவரிடம் பாஸ் இல்லை. ஏன் இல்லை? காவல் நிலையத்தில் கொடுத்த வண்டிப் பட்டியலில் அந்த டிராக்டர் இல்லை. ஏன் இல்லை? பட்டியல் கொடுத்தது வெள்ளிக்கிழமை, டிராக்டர் பேசி முடித்தது ஞாயிற்றுக்கிழமை. இங்கே நிறுத்திவிடலாம், ஏனென்றால் உங்கள் கையால் மாற்றக்கூடிய இடம் வந்துவிட்டது: பட்டியல் கொடுக்கும் முன் வண்டியைப் பேசி முடிக்க வேண்டும். "போலீஸ் ரோட்டை மூடிட்டாங்க" என்பதோடு நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காது. மகத்தன்று ரோடு மூடத்தான் செய்வார்கள்.

கூட்டத்தின் எண்ணிக்கைக்கு வருவோம். இந்த மகத்துக்கு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கையை இப்போது யாராலும் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். போஸ்டரில் 'லட்சம்' போடுவது உங்கள் இஷ்டம், மதிப்பீட்டில் போடாதீர்கள். படத்திலிருந்து ஒரு கணத்தின் நெருக்கத்தை மட்டும் கணிக்கலாம். 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரத்தை மனதில் போட்டுத் தலைகளை எண்ணுங்கள். 100 தலை என்றால் தாராளமாக நடக்கலாம். 200 என்றால் நெருக்கம். 400 என்றால் தோளோடு தோள். சதுர மீட்டருக்கு ஐந்தைத் தாண்டினால் மனிதர் தன் விருப்பப்படி நகர முடியாது. அலை மாதிரி எல்லாரையும் கூட்டமே தள்ளும். உங்கள் பரிமாறும் மேசைக்கு முன்னால் எந்த நேரத்திலாவது அந்த நிலை வந்திருந்தால், சாப்பாடு பற்றாததைவிட அதுதான் அறிக்கையின் முதல் வரியாக இருக்க வேண்டும். அடுத்த ஆண்டு மொத்தம் வேண்டுமென்றால் கடற்கரைச் சாலையின் முகப்பில் ஒருவர் நின்று, அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உள்ளே வருபவர்களை மட்டும் எண்ணி ஆறால் பெருக்கட்டும். சாமியோடு ஊர்வலமாக வருபவர்களைத் தனியாக எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஊர் முழுக்க அந்த ஐந்து நிமிடத்தில் வந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

புதுச்சேரி வைத்திக்குப்பத்துப் பந்தல்காரர்களிடம் எண் கேட்டு அதை இங்கே பொருத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சாமிகள் அங்கே போகின்றன. சாமி வரும் நேரமும் தெருவின் அமைப்பும் வேறு. அவர்களிடம் முறையைக் கேளுங்கள், எண்ணைக் கேட்காதீர்கள். உங்களுடைய போன ஆண்டு எண்ணோடு ஒப்பிடும்போதும் நாளைப் பாருங்கள். 2024-இல் மாசிமகம் பிப்ரவரி 24, சனிக்கிழமை. 2025-இல் மார்ச் 12, புதன்கிழமை. பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். இரண்டு வாரத் தள்ளலில் வெயிலும் ஏறியிருக்கும், பரிமாற வரும் பையன்களின் எண்ணிக்கையும் குறைந்திருக்கும். இந்த இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்து "கூட்டம் குறைந்துவிட்டது, ஆர்வம் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதினால் அது பஞ்சாங்கத்தின் மேல் எழுதிய தீர்ப்பு.

யாரிடம் கருத்துக் கேட்பது? உபயதாரரிடமும் உங்கள் உறவினரிடமும் கேட்காதீர்கள், பிரமாதம் என்றுதான் வரும். சாமி கொண்டுவந்த ஊர்களில் பத்து ஊரின் கோயில் பொறுப்பாளர் எண் உங்களிடம் இருக்கும். ஊருக்கு மூன்று பேர் கேளுங்கள். ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் அறுபதைத் தாண்டியவராகவும் இருக்கட்டும். "நல்லா இருந்துச்சா?" வேண்டாம். எத்தனை மணிக்குப் பந்தலுக்கு வந்தீர்கள், எவ்வளவு நேரம் நின்றீர்கள், சாப்பாடு கிடைத்ததா, கிடைக்காவிட்டால் என்ன செய்தீர்கள், குழந்தையை எங்கே உட்கார வைத்தீர்கள், கழிப்பறைக்கு எங்கே போனீர்கள். இவ்வளவுதான். 30 பேரில் 19 பேர் என்று அப்படியே எழுதுங்கள், 63.3 விழுக்காடு என்று எழுதினால் இல்லாத துல்லியம் வந்து ஒட்டிக்கொள்ளும். இவர்களைத் தவிரப் பேரிகேடில் நின்ற காவலர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், பந்தலுக்குப் பின்னால் வீடு உள்ள மீனவக் குடும்பம், மறுநாள் மணலைக் கூட்டிய தூய்மைப் பணியாளர்கள் ஆகியோரிடம் நேரில் போய்க் கேளுங்கள். உங்கள் தட்டு எவ்வளவு தூரம் பறந்து போனது, எத்தனை சாக்கு குப்பை என்று சரியாகத் தெரிந்தவர்கள் அந்தத் தூய்மைப் பணியாளர்கள்தான்.

'சம்பவம்' கட்டத்தில் நடந்த விபத்துகளோடு, நடக்கவிருந்து தப்பியதையும் எழுத வேண்டும். மயங்கி விழுந்தவர், கொதிக்கும் சாம்பார் கையில் பட்டது, குழந்தை தவறியது, அடுப்புக்கு மிக அருகில் வைத்த சிலிண்டர். பௌர்ணமியை ஒட்டி வரும் நாள் என்பதால் ஓதம் பெருகியிருக்கும். அலை ஏறி வந்து வரிசையை நகர்த்தியதா? ஒவ்வொன்றுக்கும் நேரம், இடம், யார் முதலில் பார்த்தது, உதவி வர எத்தனை நிமிடம். பாதிக்கப்பட்டவரின் பெயரை எழுதாதீர்கள். 108-ஐ அழைத்திருந்தால் அழைத்த நிமிடம் போனிலேயே கிடைக்கும். குழந்தை "உடனே கிடைத்துவிட்டது" என்பார்கள். மைக்கில் அறிவித்த வீடியோவையும் தாயிடம் சேர்த்த படத்தையும் பக்கத்தில் வைத்தால் அந்த 'உடனே' சில சமயம் 25 நிமிடமாக இருக்கும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு கூட்டம் போடுங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். சார்ட் சுவரில் இருக்க வேண்டும். சமையல் மாஸ்டரையும் டிராக்டர் டிரைவரையும் கூப்பிடுங்கள். அவர்கள் இல்லாமல் நடத்தினால் குற்றம் முழுக்க அவர்கள் தலையில் போய் உட்காரும். வயதில் சின்னவர் முதலில் பேசட்டும், தலைவர் கடைசியில். தலைவர் முதலில் "மொத்தத்தில் நல்லாத்தான் நடந்துச்சு" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு தம்ளர் அலசிய பையன் வாயைத் திறக்க மாட்டான். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். "யார் விட்டது" என்ற கேள்வி வந்தால் சார்ட்டில் அந்த நேரத்தைக் காட்டி "அப்போ என்ன தெரிஞ்சிருந்தா வேற மாதிரி செஞ்சிருப்போம்" என்று திருப்புங்கள். நன்றாக நடந்ததற்கும் இதே துருவல் வேண்டும். வரிசை ஒரு மணி நேரம் வேகமாக நகர்ந்திருந்தால் அது இரண்டாவது மேசை போட்டதாலா, அனுபவம் உள்ள ஒரே ஒருவர் நின்றதாலா? பின்னது என்றால் அடுத்த ஆண்டு அவருக்குக் காய்ச்சல் வந்தால் வரிசை நின்றுவிடும்.

கடைசியில் ஐந்தாறு வேலைகள்தான் மிஞ்ச வேண்டும்; முப்பது எழுதினால் மூன்றுகூட நடக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், மகத்திலிருந்து பின்னோக்கி எண்ணிய நாள். உங்களுக்கு இப்படி வரலாம்: டிராக்டர் பேசி முடிப்பது 20 நாள் முன், வண்டிப் பாஸ் பட்டியல் 15 நாள் முன், கை கழுவத் தனி டேங்க், தம்ளர் அலச மூன்று தொட்டி, ஒரு சிப்பம் அரிசியும் ஒரு சிலிண்டரும் உபரியாகப் பந்தலில், முதல் அண்டாக்களில் பாதி காலியானதும், மணி எதுவானாலும், அடுத்த சிப்பம் உலையில். இந்தக் கடைசி முடிவைச் சொல்பவர் சாமி பார்க்கப் போகக் கூடாது. அவருக்காகத் தீர்த்தவாரிப் பிரசாதத்தை ஒருவர் பந்தலுக்குக் கொண்டுவந்து தரட்டும்.

உபயதாரர்களுக்கு ஒரே பக்கம் அனுப்புங்கள்: வரவு, செலவு, போன தட்டு, சாப்பாடு தீர்ந்த நேரம், தண்ணீர் நின்ற நிமிடங்கள். குறையை எழுதினால் பணம் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். 4,400 ரூபாய் எதனால் போனது என்று துல்லியமாகச் சொல்லும் மன்றத்துக்குத்தான் ஒரு டேங்கர் உபயம் கேட்க வாய் இருக்கும். சார்ட்டைச் சுருட்டிப் பீரோவில் வைப்பதற்கு முன் போனில் படம் எடுத்து, அடுத்த ஆண்டு ரசீது புத்தகம் அச்சடிக்கப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள். முதலில் வேலை தொடங்குவது அவர்தான்.